விடையைப் பிள்ளை சொல்லட்டும்: ஊர்ப்புறப் பள்ளிக்கு எண் பாட்டு கட்டும் முறை

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் எடுப்பவர்களை மனத்தில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. அங்கன்வாடி ஊழியர்கள், மாலையில் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி மாணவர்கள், பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கும் பாட்டிகள் ஆகியோருக்கும் இது உதவும். கவிஞராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தாளம் தப்பாமல் கைதட்டத் தெரிந்தால் போதும்.

சொல்ல வருவது ஒன்றே ஒன்று. நல்ல எண் பாட்டில் கணக்கைப் போடுவது பிள்ளைதான். பாட்டு அதற்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கும். விடையையும் நாமே பாடிவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது மெட்டு மட்டும். கீழே வரும் விதிகள், மாதிரிகள், திட்டங்கள் எல்லாம் இந்த ஒன்றைச் செய்வதற்கான வழிகள்.

நம் மண்ணில் கணக்கும் பாட்டும்

கணக்கைப் பாட்டில் சொல்வது தமிழுக்குப் பழைய வழக்கம். காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் செய்யுளில் அமைந்த கணக்கு நூல். நிலம், நெல், பொன், நாழிகை என்று அன்றாடம் கைப்படும் எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு. பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்லும் வழி அதில் பெயர்பெற்றது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, 6ஆல் பெருக்கி, 5ஆல் வகுக்க வேண்டும். முள் 100 என்றால் சுளை 120. பண்ருட்டிப் பலா பாகூர்ச் சந்தைக்கு வரும் மாதத்தில் ஒரு பழம் வாங்கி வகுப்பில் சோதித்துப் பாருங்கள். கணக்கு சொன்ன எண்ணும் அறுத்து எண்ணிய எண்ணும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பிள்ளைகளே கழித்துச் சொல்வார்கள். எண்ணி முடித்த சுளையைத் தின்னவும் செய்வார்கள்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியைச் சட்டாம்பிள்ளை முதலில் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து சொன்னார்கள். முழு எண் மட்டுமல்லாமல் அரை, கால், மாகாணி, முந்திரி என்ற பின்னங்களும் அப்படித்தான் நாவில் ஏறின. புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு, இந்த எண்சுவடி மரபையும் கணக்கதிகாரத்தையும் 2022இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

பாகூருக்குக் கல்வியில் தனிப் பெருமை உண்டு. 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த கல்விச் சாலைக்காக மூன்று ஊர்கள் விடப்பட்டதைச் சொல்கிறது. பிள்ளைகளுக்குப் பாட்டு கட்டியவர்களும் இந்த வட்டாரத்தில் இருந்தார்கள். புதுச்சேரியில் 1891இல் பிறந்த பாரதிதாசன் தமிழாசிரியராகப் பணியாற்றியவர்; சிறுவர்களுக்கென்றே ‘இளைஞர் இலக்கியம்’ எழுதினார். 1980களின் இறுதியில் புதுச்சேரியில் எழுந்த அறிவொளி இயக்கம் எழுத்தறிவை ஊர் ஊராகக் கொண்டுபோனது பாட்டாலும் வீதி நாடகத்தாலும்தான். 1987 முதல் வெளிவரும் ‘துளிர்’ சிறுவர் மாத இதழை நடத்துவதில் புதுவை அறிவியல் இயக்கத்துக்குப் பங்கு உண்டு. ஆகவே நீங்கள் ஆரம்பிக்கப்போவது புது வேலை என்று தயங்க வேண்டாம்.

இப்போது ஏன் தேவை

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. பிள்ளையின் கையில் இருக்கும் கணக்குப் புத்தகம் ஆங்கிலத்தில் பேசுகிறது. வீட்டில் பாட்டி ‘மூணு, நாலு’ என்கிறார். கடையில் அண்ணாச்சி ‘முக்கால் கிலோ’ என்கிறார். இந்த மூன்றும் ஒரே கணக்கைத்தான் பேசுகின்றன என்பது பிள்ளைக்குத் தானாக விளங்கிவிடாது. தாய்மொழியில் ஒரு பாட்டு, தரையில் பத்துப் புளியங்கொட்டை, கரும்பலகையில் எண் – மூன்றையும் ஒரே நேரத்தில் தந்தால் விளங்கும். தமிழில் கணக்கு பிடிபட்ட பிள்ளைக்குப் புத்தகத்தின் ஆங்கிலச் சொல் ஒரு புதுப் பெயர் மட்டும்தான்.

கட்டுவதற்கு முன் மூன்று முடிவுகள்

முதல் முடிவு, கணக்கு. எந்த ஒரு கணக்குக்காக இந்தப் பாட்டு? கூட்டலா, கழித்தலா, பத்துக்குச் சோடி சேர்ப்பதா, மூன்றாம் வாய்ப்பாடா? ஒரு பாட்டுக்கு ஒரு கணக்கு போதும். ‘எண்களின் பெருமை’ என்று தலைப்பு வைத்துத் தொடங்கினால் பாட்டு எங்கும் போய்ச் சேராது.

இரண்டாவது, பொருள். பிள்ளை தொட்டுப் பார்த்த பொருளாக இருக்கட்டும். வில்லியனூர்ப் பக்கம் என்றால் சக்கரமும் களிமண்ணும் இருக்கின்றன. அந்த ஊர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. திருக்காமீஸ்வரர் கோயில் தேர், மாதா கோயில் திருவிழா, சங்கராபரணி ஆறு, ஊசுட்டேரிப் பறவைகள் என்று பாட்டுக்குள் வரத் தகுந்தவை அங்கே நிறைய. பாகூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும், ஏரியும் மதகும், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலும், நடவும் களமும். ஆப்பிளையும் பனிக்கரடியையும் எண்ணக் கூடாது என்பதில்லை. ஆனால் புளியங்கொட்டையைக் கையில் வைத்து எண்ணுவதுபோலப் பனிக்கரடியை எண்ண முடியாது.

மூன்றாவது, மெட்டு. நடவுப் பாட்டின் அமைப்பு நமக்கு மிகவும் பொருந்தும். ஒருவர் எடுத்துக்கொடுக்க, வரிசையாக நிற்பவர்கள் சேர்ந்து திருப்பிச் சொல்வது அதன் முறை. எடுத்துக்கொடுக்கும் வரியில் கேள்வியை வைத்து, சேர்ந்து சொல்லும் இடத்தை விடைக்கு விட்டுவிடலாம். கும்மியும் நன்றாக வரும். கைதட்டே எண்ணிக்கை ஆகிவிடும். சினிமா மெட்டைப் பிள்ளைகள் கேட்பார்கள். பாடலாம்; ஆனால் பழைய சொற்கள் வாயில் முந்திக்கொண்டு வரும் என்பதை எதிர்பாருங்கள்.

ஒரு பாட்டைத் திருத்திப் பார்ப்போம்

புதிதாகக் கட்டுபவர் எழுதும் முதல் பாட்டு பெரும்பாலும் இப்படி வரும்:

பத்து மாங்காய் பையிலே,
பாட்டி வந்தாள் கையிலே,
ஆறு மாங்காய் எடுத்தாளே,
நாலு மாங்காய் கொடுத்தாளே.

ஓசை இருக்கிறது. மூன்று குறைகளும் இருக்கின்றன. ‘பாட்டி வந்தாள் கையிலே’ என்ற வரிக்குப் பொருளே இல்லை. ‘பையிலே’ என்பதோடு ஒத்துப்போகவே அது உட்கார்ந்திருக்கிறது. நாலு என்பது மிச்சமா, பாட்டி திருப்பிக் கொடுத்ததா என்பது குழப்பம். எல்லாவற்றுக்கும் மேலாக விடை பாட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பிள்ளை கழிக்கவே இல்லை.

அதே மாங்காயை வைத்து மறுபடி கட்டுவோம்:

பத்து மாங்காய் பறிச்சு வந்தேன்,
பாட்டி ஆறு கேட்டாங்க;
கொடுத்துப்புட்டு எண்ணிப் பார்த்தேன்,
கூடையில் மிச்சம் எத்தனைங்க?
– நாலு!

கோட்டுக்குப் பின் வருவது பிள்ளைகளின் இடம். அது மெட்டுக்கு வெளியே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். வரியின் கடைசியில் ‘எத்தனைங்க’ இருப்பதால் விடைக்கு எதுகை, இயைபு எதுவும் கட்டாயமில்லை. இது முக்கியமான நுட்பம். இயைபே விடையைக் காட்டிக்கொடுத்தால் பிள்ளை காதால் ஊகித்துவிடும், எண்ணாது. மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு அந்த ஊகம் நல்ல துணை. ஒன்றாம் வகுப்புக்கு மேல் அந்தத் துணையை எடுத்துவிடுங்கள்.

இனி எண்ணை மாற்றிப் பாருங்கள். ‘எட்டு மாங்காய் பறிச்சு வந்தேன், பாட்டி மூணு கேட்டாங்க’ – ஓசை கெடவில்லை. பறிச்சு, பாட்டி என்ற மோனை தாங்கிக்கொள்கிறது. எண்ணை மாற்றினாலும் நிற்கிற பாட்டுதான் வகுப்புக்கு உதவும், ஏனென்றால் ஒரே பாட்டில் ஐம்பது கணக்கு போடலாம். அடுத்து ‘எட்டு மாங்காய், பாட்டி எட்டு கேட்டாங்க’ என்று பாடி நிறுத்துங்கள். ‘ஒண்ணும் இல்ல டீச்சர்!’ என்று குரல் எழும். கரும்பலகையில் 0 எழுத அதுதான் தருணம். ‘பாட்டி பத்து கேட்டாங்க’ என்றும் ஒரு முறை பாடுங்கள். ‘அதெப்படி டீச்சர், எட்டுதானே இருக்கு!’ என்று சண்டைக்கு வரும் பிள்ளைக்குக் கழித்தல் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

வகுப்பு வாரியாக மாதிரிகள்

கீழே உள்ளவற்றை அப்படியே பாடலாம். உங்கள் ஊர்ப் பேர், பொருள், எண் போட்டு மாற்றினால் இன்னும் நல்லது. பாடும்போது ஒண்ணு, ரெண்டு, மூணு என்றே பாடுங்கள். எழுதும்போது ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டும் ஒன்றுதான் என்று பிள்ளைகள் விரைவில் பழகிக்கொள்வார்கள்.

*ஒன்றாம் வகுப்பு: கூட்டலும் கழித்தலும்*

சக்கரம் சுத்துது சர்ரு சர்ருன்னு,
சட்டி ஒண்ணு ஆச்சு;
பக்கத்தில் இன்னும் ரெண்டு வனைஞ்சேன்,
மொத்தம் எத்தனை ஆச்சு?
– மூணு!

மூணு சட்டியும் வெயிலில் வச்சேன்,
முற்றம் நிறைஞ்சு போச்சு;
ஆட்டுக் குட்டி துள்ளி வந்து
ஒண்ணு உடைஞ்சு போச்சு;
மிச்சம் எத்தனை ஆச்சு?
– ரெண்டு!

களிமண் உருண்டையைப் பிள்ளைகளே செய்து வரிசையில் வைக்கட்டும். ஆட்டுக்குட்டியாக ஒரு பிள்ளை துள்ளி வரட்டும். எத்தனையை உடைப்பது என்பது ஆட்டுக்குட்டியின் விருப்பம். மற்றவர்கள் மிச்சத்தைச் சொல்ல வேண்டும்.

*ஒன்று, இரண்டாம் வகுப்பு: பத்துக்குச் சோடி*

வரப்பு மேலே பத்துப் பேரு,
வயலில் இறங்கினது நாலு பேரு,
வரப்பில் இன்னும் எத்தனை பேரு?
– ஆறு!

முற்றத்தில் ஒரு கோடு கிழித்தால் அதுதான் வரப்பு. பத்துப் பிள்ளைகள் கோட்டின் மேல் நிற்க, பாடுபவர் சொல்லும் எண்ணிக்கைக்கு இறங்க வேண்டும். 4, 6, 7, 3, 9, 1 என்று பத்தின் சோடிகள் இப்படி உடம்போடு ஒட்டிக்கொண்டால், பின்னால் 8+5 போடும்போது ‘எட்டுக்கு ரெண்டு கொடுத்தா பத்து, மிச்சம் மூணு’ என்று தானாகவே பிரித்துக் கூட்டுவார்கள்.

*இரண்டு, மூன்றாம் வகுப்பு: மூன்றாம் வாய்ப்பாடு*

வில்லியனூர் ரோட்டிலே ஆட்டோ ஒண்ணு வந்தது,
உருண்டு வந்த சக்கரம் எத்தனை?
– மூணு!
பின்னாலேயே இன்னொண்ணு புகையை விட்டு வந்தது,
ரெண்டுக்கும் சக்கரம் எத்தனை?
– ஆறு!
மாதா கோயில் பக்கமா மூணாவது நின்னது,
மூணுக்கும் சக்கரம் எத்தனை?
– ஒன்பது!

நாலாவது ஆட்டோ எங்கே வந்தது என்பதைப் பிள்ளைகள் சொல்லட்டும். பத்து ஆட்டோ வரை அவர்களே கட்டுவார்கள். பிறகு திருப்பிப் போடுங்கள்: ‘பதினெட்டுச் சக்கரம் உருண்டு வந்தது, ஆட்டோ எத்தனை?’ வகுத்தல் என்ற பெயரைச் சொல்லாமலே வகுத்தல் வந்துவிடும்.

*மூன்றாம் வகுப்பு: கூட்டத்தை மதிப்பிடுதல்*

ஊசுட்டேரிக் கரையினிலே
ஒரே கொக்கு ஆட்டம்;
பத்துக் கொக்கைச் சுத்திக் கையால்
போட்டேன் ஒரு வட்டம்;
அதுபோல் வட்டம் ஏழு வந்தா
எத்தனை அந்தக் கூட்டம்?
– எழுபது!

பறவைக் கணக்கெடுப்பவர்கள் உண்மையில் இப்படித்தான் செய்கிறார்கள். கூட்டத்தில் ஒரு பத்தை மட்டும் எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் நிறுத்தி, அதே அளவு எத்தனை வருகிறது என்று பார்ப்பார்கள். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். குளிர்காலத்தில் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப்போனால் பாட்டு அங்கேயே கணக்காகும். போக முடியாத பள்ளிகள் ஒரு கைப்பிடி நெல்லைத் தாளில் கொட்டி மதிப்பிடலாம்.

*மூன்று, நான்காம் வகுப்பு: கோலப் புள்ளி*

ஒத்தப் புள்ளி வச்சா ஒண்ணு,
மூணைச் சேர்த்தா நாலு,
அஞ்சைச் சேர்த்தா ஒன்பது ஆச்சு,
ஏழைச் சேர்த்துப் பாரு!
– பதினாறு!

1, 4, 9, 16 என்பவை 1×1, 2×2, 3×3, 4×4. ஒன்றிலிருந்து ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் எப்போதும் சதுர எண்ணே வரும். ஏன் என்று புளியங்கொட்டையால் காட்டலாம். ஒரு கொட்டையை வையுங்கள். அதன் வலப்பக்கம், கீழ்ப்பக்கம், மூலை என்று மூன்றை ஒட்டினால் இரண்டுக்கு இரண்டு சதுரம். அதைச் சுற்றி அதேபோல் ஐந்து ஒட்டினால் மூன்றுக்கு மூன்று. அடுத்து ஏழு. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கொட்டை கூடுதலாகத் தேவைப்படுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். வீட்டில் அம்மா போடும் ‘7 நேர்ப்புள்ளி, 1 வரை’ கோலத்தில் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று வரிசைகள். மொத்தம் எத்தனை புள்ளி? மேல்பாதி 16, கீழ்ப்பாதி 9, ஆக 25. ‘7 இடைப்புள்ளி, 4 வரை’ என்றால் 4, 5, 6, 7, 6, 5, 4, மொத்தம் 37. மார்கழியில் இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டால் ஊரே பாடப் புத்தகம் ஆகும்.

*நான்கு, ஐந்தாம் வகுப்பு: பின்னமும் பரப்பும்*

புதுச்சேரிப் பத்திரங்களில் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று இருந்தாலும் ஊரில் நிலம் பேசுவது குழியிலும் வீசத்திலும்தான். ஒரு குழி 576 சதுர அடி, அதாவது 24 அடிக்கு 24 அடி. ஒரு வீசம் அதில் பதினாறில் ஒரு பங்கு, 36 சதுர அடி, அதாவது 6 அடிக்கு 6 அடி. கணக்கு வாத்தியாருக்கென்றே செய்துவைத்த அளவு இது.

ஆறடி நீளம், ஆறடி அகலம்,
அதுக்குப் பேரு வீசம்;
வரிசைக்கு நாலு, வரிசையும் நாலு,
மொத்தம் எத்தனை வீசம்?
– பதினாறு!

பதினாறு வீசம் பக்கம் சேர்ந்தா
பாரு, ஒரு குழி;
பாதிக் குழின்னா எத்தனை வீசம்?
– எட்டு!
கால் குழின்னா எத்தனை வீசம்?
– நாலு!

பள்ளி மைதானத்தில் கயிறு பிடித்து ஒரு குழியைச் சுண்ணாம்பால் வரைந்து, உள்ளே பதினாறு கட்டம் போடுங்கள். கட்டத்துக்கு ஒரு பிள்ளை நிற்கட்டும். ‘முக்கால் குழி மட்டும் உட்காரு’ என்றால் பன்னிரண்டு பேர் உட்கார வேண்டும். அரையும் எட்டு வீசமும் ஒன்றே என்பதைத் தாளில் பார்ப்பதைவிட அந்த மண்ணில் நின்று பார்ப்பது நன்றாக நிற்கும். உங்கள் ஊரில் குழியின் அளவு வேறாக வழங்கினால் அந்த அளவையே எடுத்துக்கொண்டு பாட்டை மாற்றுங்கள்.

எழுத்துக்குள்ளே ஒரு கணக்கு

ஐந்தாம் வகுப்பில் குறில், நெடில் தெரிந்த பிள்ளைகளுக்கு இது அருமையான விளையாட்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ‘த’ என்றால் ஒரு தட்டு, ‘தா’ என்றால் இரண்டு தட்டு நீளம். இந்த இரண்டை மட்டும் வைத்து மூன்று மாத்திரைக்கு எத்தனை விதமாகப் பாடலாம்?

த த த
த தா
தா த

மூன்று விதம். நான்கு மாத்திரைக்கு: தததத, தததா, ததாத, தாதத, தாதா. ஐந்து விதம். ஒரு மாத்திரைக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு. வரிசையாக எழுதினால் 1, 2, 3, 5. அடுத்தது என்ன என்று கேளுங்கள். 8 வரும், அதற்கடுத்து 13. ஒவ்வொரு எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டல். காரணமும் எளிது: ஐந்து மாத்திரைப் பாட்டு ‘த’வில் முடிந்தால் அதற்கு முன் நான்கு மாத்திரை, ‘தா’வில் முடிந்தால் முன்னால் மூன்று. ஆகவே 5+3.

இத்தாலியின் ஃபிபனாச்சி 1202இல் எழுதிய நூலால் உலகம் இந்த எண்களை அறிந்தது. அதற்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டில், குஜராத்தில் வாழ்ந்த ஹேமச்சந்திரர் செய்யுளின் குறில் நெடில் வகைகளை எண்ணும்போது இதே வரிசையைச் சொல்லியிருக்கிறார். செய்யுளின் ஓசையை எண்ணப் புகுந்தவருக்குக் கணிதம் கிடைத்தது. உங்கள் வகுப்பிலும் அதே வழியில் கிடைக்கும்.

தவிர்க்க வேண்டியவை

ஒன்று இது, இரண்டு அது, மூன்று மற்றது என்று பத்து வரை அடுக்கும் பாட்டுகள் எண்ணின் பெயரையும் வரிசையையும் பழக்கும். அங்கன்வாடிக்கு அவை வேண்டும். ஆனால் அவற்றைப் பாடும் பிள்ளைக்கு எண்ணத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏழு கொட்டைகளை முன்னால் வைத்து எண்ணச் சொன்னால் விரல் ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் போகலாம். பாட்டின் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கொட்டை நகர வேண்டும்.

‘கணக்கு கசக்காது, இனிக்கும்’ என்று பாட்டில் எழுத வேண்டாம். கசக்கும் என்ற எண்ணமே இல்லாத ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை நாம்தான் கற்றுக்கொடுக்கிறோம். இன்பம் கணக்கைச் செய்வதில் வரட்டும்.

ஓசைக்காக எண்ணைத் தப்பாகப் போடக் கூடாது. பாடும் முன் ஒவ்வொரு விடையையும் தாளில் போட்டுச் சரிபாருங்கள். பாட்டில் ஏறிய தப்பு இறங்காது.

பழைய வழக்கங்களை விளக்கமில்லாமல் போட வேண்டாம். களத்தில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை ‘லாபம்’ என்று சொல்லி, அடுத்ததை ‘ரெண்டு’ என்பார். பாட்டுக்கு அழகான தொடக்கம் அது. ஆனால் மூட்டையும் கிலோவும் மட்டும் பார்த்த பிள்ளைக்கு லாபம் என்பதும் ஒன்றுதான் என்று முதலில் அளந்து காட்ட வேண்டும். ஊரில் நெல் அளந்த பெரியவர் ஒருவரை அழைத்துவந்தால் அவரே காட்டிவிடுவார்.

கூச்சப்படும் பிள்ளையைத் தனியாகப் பாடச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை கொட்டை நகர்த்தட்டும், தாளம் போடட்டும். காது கேட்காத பிள்ளைக்கு விரலும் பொருளும் அடவும் பாட்டாகும்.

ஒரு வாரத் திட்டம்

திங்கள்: பாட்டு இல்லாமல் பொருளை மட்டும் வைத்துக் கணக்கை விளையாடுங்கள்.

செவ்வாய்: நீங்கள் கட்டிய பாட்டை எடுத்துக்கொடுங்கள். விடை பிள்ளைகளிடம்.

புதன்: எண்களை மாற்றிப் பாடுங்கள். எந்த எண் என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்யட்டும்.

வியாழன்: நான்கு நான்கு பேராகப் பிரிந்து ஆளுக்கு ஒரு கண்ணி கட்டட்டும். ஊர்ப் பேர் ஒன்று, பொருள் ஒன்று, கேள்வி ஒன்று கட்டாயம். எழுத்துப்பிழையை அன்று பார்க்க வேண்டாம். கணக்குப் பிழையை மட்டும் கூட்டமாகப் பாருங்கள்.

வெள்ளி: ஒரு குழு பாட, மற்றக் குழுக்கள் விடை சொல்லட்டும். நல்ல கண்ணிகளை வகுப்பு நோட்டில் பிள்ளையின் பெயரோடு எழுதிவையுங்கள்.

இராமானுஜன் பிறந்த நாளான டிசம்பர் 22 தேசிய கணித நாள். அந்த நோட்டிலிருந்து தேர்ந்து அன்று பள்ளியில் ஒரு பாட்டரங்கம் நடத்தலாம். பெற்றோரும் விடை சொல்லும் கூட்டத்தில் உட்காரட்டும்.

பாட்டு வேலை செய்ததா?

மூன்று சோதனைகள் போதும். மெட்டை எடுத்துவிட்டு அதே கணக்கைப் பேச்சில் கேளுங்கள்; விடை வர வேண்டும். பொருளை மாற்றிக் கேளுங்கள்: சட்டிக்குப் பதில் தென்னங்குரும்பை. அப்போதும் வர வேண்டும். கடைசியாக, அதே கணக்குக்குப் புதிதாக ஒரு கேள்வி வரி கட்டச் சொல்லுங்கள். மூன்றாவதைச் செய்த பிள்ளைக்கு அந்தக் கணக்கு சொந்தமாகிவிட்டது. முதலாவதிலேயே தடுமாறினால் குறை பிள்ளையிடம் இல்லை. பாட்டு விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டது. திரும்பக் கட்டுங்கள்.

பயிற்சி

1. உங்கள் ஊரில் மட்டும் உள்ள ஐந்து எண்ணத்தக்க பொருள்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தக் கணக்கு பொருந்தும் என்று எதிரே எழுதுங்கள்.

2. மேலே உள்ள மாங்காய்ப் பாட்டை 20க்குள் வரும் கழித்தலுக்கு மாற்றுங்கள். பதினொன்று, பதின்மூன்று போன்ற நீண்ட பெயர்கள் வரும்போது ஓசை எங்கே இடறுகிறது என்று கைதட்டிப் பார்த்து, வரியைச் சுருக்குங்கள்.

3. பல்லாங்குழியில் 14 குழி. குழிக்கு 5 முத்து போட்டால் மொத்தம் எத்தனை? விடையைச் சொல்லாமல் இதற்கு ஒரு பாட்டு கட்டுங்கள்.

4. வில்லியனூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றும் பாகூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றும் பாட்டு நோட்டுகளை மாற்றிக்கொள்ளட்டும். நோட்டில் விடைகள் எழுதப்பட்டிருக்கக் கூடாது. குயவர் தெருப் பிள்ளை கட்டிய கணக்கை நடவு வயல் பிள்ளை போட்டு, விடையோடு தன் கேள்வி ஒன்றையும் சேர்த்துத் திருப்பி அனுப்பட்டும். அடுத்த அத்தியாயத்தில் வரும் கணக்குப் புதிர்களுக்கு வேண்டிய சரக்கு இந்த நோட்டுகளிலேயே சேர்ந்துவிடும்.